பந்து பின்னால் போனால் பயமா?

சனிக்கிழமை வெளியூர் ஆட்டம் என்றால் புஞ்சாக் ஆலாம் மாமாக் கடைகளில் வியாழக்கிழமையே பயிற்றுநர்கள் கூடிவிடுகிறார்கள். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்று மேசைக்கு மேசை ஓர் அணிப்பட்டியல். தே தாரிக் ஆறும் நேரத்தில் பேச்சு ஒரே ஆள் மேல் வந்து நிற்கும்: தற்காப்பு வரிசைக்கு முன்னால் ஆடும் அந்த நடுத்திடல்காரர். "பாருங்கண்ணே, மறுபடியும் பின்னாலதான் தருவான். வெளியூருன்னாலே அவனுக்குப் பயம் லா." சிவப்பு மஞ்சள் சட்டை போடும் சிலாங்கூர் அணியின் ஊரில் இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

தீர்ப்பு தப்பு.

ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நடுத் தற்காப்பாளர் அவருக்குப் பந்தைத் தருகிறார். முகம் சொந்தக் கோலைப் பார்த்து இருக்கிறது; முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரர் ஓடி வருகிறார். பந்து வந்து சேருவதற்குள் தோளுக்கு மேல் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிடுகிறார். வந்த பந்தை நிறுத்தாமல், ஒரே தொடுதலில், தந்தவருக்கே திருப்பித் தருகிறார். ஓடி வந்தவர் நிற்பதில்லை, பந்தைத் துரத்திக்கொண்டு மேலே போகிறார். அடுத்த பாஸ் கோல் காவலருக்கு. அதற்குள் எதிரணியின் இன்னும் இரண்டு பேர் ஆசைப்பட்டு முன்னால் வந்துவிட்டார்கள். அவர்கள் விட்டுவந்த இடம் இப்போது காலி. அந்த இடத்தை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருப்பவர் யார்? மாமாக் கடையில் திட்டு வாங்கிய அதே ஆள். நாலாவது பாஸ் பக்கவாட்டுத் தற்காப்பாளர் வழியாக அவரிடமே வரும்போது திரும்பி முன்னால் பார்க்க அவருக்கு இரண்டு முழு நொடி கிடைக்கிறது. முதல் மூன்று பாஸைக் கோழைத்தனம் என்பவர்கள், நாலாவதை அதிர்ஷ்டம் என்கிறார்கள்.

இப்படிப் பார்க்கும் கண் எங்கிருந்து வந்தது என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. புக்கிட் செராக்கா, ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா பக்கத்துப் பெரியவர்கள் காற்பந்து கற்றது தோட்டத் திடலில். ஒரு பக்கம் பால்மரம் அல்லது செம்பனை, மறுபக்கம் லயன் வீடுகள், கோட்டுக்கு வெளியே லோங்காங். மழை பெய்தால் கோல் வாசலில் முட்டி வரை சேறு. அந்தத் தரையில் பின்னால் உருட்டிய பந்து பாதி வழியில் நின்றுவிடும். ஓடி வருபவன் கோல் போட்டுவிடுவான். ஏழு பேர் ஆட்டத்தில் நேரமும் கொஞ்சம்தான், பின்னால் தந்து விளையாட அவகாசம் ஏது? அங்கே "முன்னால அடி" என்பது ஞானம். அந்த ஞானத்தை, சமன் செய்த புல்லில் தொண்ணூறு நிமிடம் ஆடும் ஆட்டத்தின் மேல் தூக்கிப் போடும்போதுதான் கோளாறு.

ஆட்ட விதிகளும் இந்த நடுத்திடல்காரர் பக்கம்தான் நகர்ந்து வந்திருக்கின்றன. 1992 வரை பின்னால் தருவது உண்மையிலேயே நேரம் கடத்தும் வித்தை. காவலர் பந்தைக் கையில் எடுத்துக் கட்டிக்கொள்வார், அரங்கமே கொட்டாவி விடும். அந்த வருடம், சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் காவலர் கையால் தொடக்கூடாது என்று விதி வந்தது. அன்றிலிருந்து காவலரும் காலால் ஆடக் கற்றார். 2019-ல் இன்னொரு மாற்றம்: கோல் உதை பெனால்டி கட்டத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை, கட்டத்துக்குள்ளேயே சக ஆட்டக்காரர் வாங்கிக்கொள்ளலாம். எதிரணியை வாசல் வரை வரவழைத்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் போகும் ஆட்டம் அதன் பிறகுதான் ஊரெல்லாம் பரவியது.

வெளியூரில் இதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது, அது திடலுக்கு வெளியே நடக்கிறது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைத் திரையில் காட்டினார்கள். சிலருக்கு ரசிகர் கூச்சலோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். கூச்சலோடு பார்த்தவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 விழுக்காடு குறைவு. கொரோனா காலத்தில், 2020 மே 16 அன்று ஜெர்மானிய லீக் ஆளில்லாத அரங்குகளில் மறுபடி தொடங்கியபோது, சொந்தத் திடலில் வெல்லும் வழக்கமே சரிந்தது. ஆக, கூச்சல் என்பது எதிரணியின் பன்னிரண்டாவது ஆள். அந்த ஆளை அடக்குவதற்கு, பத்து நிமிடம் பந்தையே தராமல் சலிப்பேற்றுவதைவிட மலிவான வழி இல்லை.

சொந்த ஊர்க் கூச்சல் இல்லாமல் ஆடுவது நம் அணிக்குப் பழகிப்போன ஒன்று என்பது தனிக்கதை. 1994-ல் திறந்த, 80,000 பேர் அமரும் ஷா ஆலம் அரங்கம் 2020-லேயே மூடப்பட்டு, பிறகு இடிபடவும் தொடங்கியது. அரை மணி நேரத்தில் போய்வந்த வீடு போய், வருடக்கணக்கில் வாடகை வீடு. வெளியூர் ஆட்டம் என்று தனியாகப் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கும் குறும்புக்காரர்களும் கடையில் உண்டு.

பயப்பட உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை: புல். அகல இலைக் கௌ கிராஸ் வளர்ந்த திடலில், சாயங்கால மழைக்குப் பிறகு, அந்த ஒரே தொடுதல் பாஸ் இரண்டு மீட்டர் முன்பே உயிரை விட்டுவிடும். மழை வடியாத மூலையில் பந்து அப்படியே நிற்கும். அங்கே அவர் கணக்கு தப்பினால் கோல் வாங்குவது நிச்சயம்; தோட்டத்துப் பெரியவர் சொன்னது சரியாகிவிடும். ஆகவே கவலைப்படுபவர்கள் அவருடைய தைரியத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, சனிக்கிழமை மாலை வானத்தைப் பார்க்கலாம்.

இரவு ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கினாலும் நம் ஊர்க் காற்றின் ஈரம் குறையாது. பந்தைத் துரத்துபவனுக்கும் ஓட விடுபவனுக்கும் களைப்பு ஒன்றல்ல. முதல் பாதியில் எதிரணியின் முன்வரிசை நாற்பது தடவை வீணாக ஓடினால், அந்தக் கடன் எழுபதாவது நிமிடத்துக்கு மேல் வட்டியோடு வசூலாகும். இந்த அலசலின் கணிப்பும் அதுதான். முதல் பதினைந்து நிமிடத்தில் நடுத்திடல்காரர் குறைந்தது ஐந்து தடவை பின்னால் தருவார். இருபதாவது நிமிடத்தில் எதிரூர் ரசிகர்களே சீட்டியடிப்பார்கள். அந்தச் சீட்டி அவர்கள் பொறுமை இழந்ததன் அடையாளம், நமக்கு நல்ல சகுனம். இடைவேளை வரை கோல் இருக்காது. மழை பெய்யாவிட்டால் கடைசி இருபது நிமிடத்தில் நம்மவர்கள் அடிப்பார்கள், அதுவும் வலது பக்கத்திலிருந்து வரும் பந்தில். மழை பெய்தால், முழுதாக ஒரு புள்ளியோடு வீடு திரும்பினாலே பெரிது. இந்தக் கணிப்பில் சொந்த ஊர்ப் பாசம் கொஞ்சம் கலந்திருக்கிறது, மறைப்பதற்கில்லை.

காலையிலேயே நாசி லெமாக் பொட்டலத்தோடு லாத்தார் நெடுஞ்சாலை ஏறி, தெற்கே போகும் பேருந்தில் உட்காரப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆயர் கெரோ ஓய்விடத்தில் இறங்கும்போது அணிப்பட்டியலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். ஆனால் அரங்கத்துக்குள் போனபின், அவர் முதல் தடவை பந்தைப் பின்னால் தரும்போது "ஹோ" என்று கத்தாதீர்கள். அந்த நேரத்தில் அவருக்குக் கேட்க வேண்டியது சக ஆட்டக்காரர் "ஆள் வர்றான்" என்று சொல்லும் ஒற்றைக் குரல் மட்டும்தான்.