வலிமை 8

'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டைத் தொடங்கிய அன்று முதல் இரண்டு மணி நேரம் நான் யாரோடும் சண்டை போடவில்லை. கதாபாத்திரத்தை உருவாக்கும் திரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு, பென்சில். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டிருந்தார்கள்.

மறுவாரம் அந்த நோட்டைப் புரட்டிய சித்தி மகன், "இது யாரோட பில்டுக்கா? நெட்லேர்ந்து எடுத்தியா?" என்று கேட்டான். நானே போட்டது என்றேன். "நீ கதைக்காகத்தான் விளையாடுறேன்னு நெனச்சேன்" என்றான்.

அவன் கேலி செய்யவில்லை. கதையும் உறவும் உடையலங்காரமும் பெண்களுக்கு, எண்ணும் உத்தியும் ஆண்களுக்கு என்ற பாகப்பிரிவினை எப்போதோ முடிந்துவிட்டது. அவன் அதைத் திருப்பிச் சொன்னான், அவ்வளவுதான். பெண்களும் வீடியோ கேம் ஆடுகிறார்கள் என்று நமக்காகப் பரிந்து பேசுகிறவர்கள்கூடப் பல நேரம் கதையைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். எனக்கும் கதை பிடிக்கும். ஆனால் என்னை இரவு இரண்டு மணிவரை விழிக்க வைத்தது கணக்கு.

ஆடாதவர்களுக்காக அந்தக் கணக்கைச் சொல்கிறேன். 2023இல் லேரியன் ஸ்டூடியோஸ் வெளியிட்ட இந்த விளையாட்டு, 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பின் விதிகளைத் தழுவியது. வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு திறன்கள். எல்லாம் 8இல் தொடங்கும். செலவழிக்க 27 புள்ளிகள். 13 வரை ஒரு படி ஏற ஒரு புள்ளி. 14க்கும் 15க்கும் படிக்கு இரண்டு. ஒரு திறன் 10ஐத் தாண்டி இரண்டிரண்டாக ஏறும்போதுதான் பகடையில் ஒன்று கூடும். அதனால் 14, 15 இரண்டுக்கும் பலன் ஒன்றே. 15ஐ அப்படியே விட்டால் ஒரு புள்ளி சும்மா கிடக்கிறது. போனஸாக வரும் புள்ளியை அங்கே வைத்து 16 ஆக்கினால் விழித்துக்கொள்கிறது. அதைக் கண்டுபிடித்த நிமிடம், பூட்டில் சாவி சரியாக உட்காரும் சந்தோஷம்.

இப்போது 27 புள்ளிகளைச் சமமாகப் பங்கிட்டுப் பாருங்கள்: மூன்று 13, மூன்று 12. எதிலும் குறையில்லை. இன்னொரு விதமாகவும் பங்கிடலாம்: மூன்று 15, மூன்று 8. இரண்டுக்கும் விலை சரியாக 27தான். அனுபவசாலிகள் பெரும்பாலும் இரண்டாவதன் பக்கமே சாய்வார்கள். மந்திரவாதியின் மந்திரம் அறிவை நம்பி இருக்கிறது. அவளுக்கு வலிமை 12 இருந்து என்ன பயன்? வேண்டுமென்றே 8இல் விடும் திறனுக்கு 'டம்ப் ஸ்டாட்' என்று பெயர். கைகழுவிய திறன்.

இந்த இடத்தில்தான் பென்சிலைக் கீழே வைத்தேன். எதையாவது கைகழுவலாம் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. படிப்பில், சமையலில், சம்பாத்தியத்தில், பொறுமையில், பேச்சில், தோற்றத்தில் 13, 13, 13, 12, 12, 12 என்று இருக்கத்தான் பழக்கப்படுத்தப்பட்டேன். ஒன்றில் 15 எடுத்த பெண்ணிடம் உடனே கேட்கப்படுவது, மற்றதில் ஏன் 8 என்பதுதான். விஞ்ஞானியானாலும் அவளுக்குச் சாம்பார் வைக்கத் தெரியுமா என்று விசாரிப்பார்கள். ஆணின் 8ஐக் கேட்க ஆளில்லை. அதை ஈடுகட்ட வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

என் மந்திரவாதியின் 8ஐயும் யாரோ ஈடுகட்டத்தான் செய்தார்கள். அவளால் பள்ளங்களைத் தாண்ட முடியவில்லை, சுமை தூக்க முடியவில்லை. தூக்கியது கார்லாக், உடன் வரும் பலசாலிப் பெண். நான்கு பேர் கொண்ட குழு அது. கார்லாக்கால் முடியாததை என்னவள் செய்தாள். பலவீனமாக இருக்கும் உரிமை தனியாளுக்குக் கிடைப்பதில்லை. பங்கு போட்டுக்கொள்ள ஆட்கள் வேண்டும்.

ஒரு தோழி கேட்டாள்: மதிப்பெண், எடை, நிறம், பவுன் என்று பிறந்ததிலிருந்து நம்மை அளந்துகொண்டே இருக்கிறார்கள், நீ ஏன் அளவுகோலையே கொஞ்சுகிறாய்? நியாயமான கேள்வி. எண்கள் அப்பாவிகள் அல்ல. இதே விளையாட்டின் மூதாதையான 'அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நூலில், 1978இல் கேரி கைகாக்ஸ் எழுதிய விதி இது: வலிமை 18 பெற்ற போர்வீரருக்கு, அதற்கு மேல் நூறு வரை தனி அளவு உண்டு. மனித ஆண் நூறு வரை போகலாம். மனிதப் பெண் 50ஐத் தாண்டக் கூடாது. உச்சத்தில் ஆணின் வாள்வீச்சுக்கு 6 கூடும், பெண்ணுக்கு 3. டிராகன் பறக்கும் உலகத்தில், பெண்ணின் கை மட்டும் 'யதார்த்தமாக' இருக்க வேண்டியிருந்தது.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த வரம்பு இல்லை. அச்சில் இருந்ததால் அதை விரல் வைத்துக் காட்ட முடிந்தது, வாதாட முடிந்தது, அடிக்க முடிந்தது. நம்மை அளக்கும் விதிகளில் பெரும்பாலானவை எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. தோழிக்கு என் பதில் இதுதான்: எனக்குப் பிடித்தது அளக்கப்படுவது அல்ல. விதி வெளிப்படையாக இருப்பதும், பென்சில் என் கையில் இருப்பதும்.

அந்த நியாயம் திரைக்குள்ளேயே முடிந்துவிடும் என்றும் தெரியும். எல்லோருக்கும் 27 என்பது அழகான பொய். வெளியே யாருக்கும் சமமாக எண்ணிக் கொடுப்பதில்லை. விளையாட்டில் விதர்ஸ் என்றொரு எலும்பு மனிதன் முகாமில் நிற்பான். 100 தங்கம் கொடுத்தால் எல்லாப் புள்ளிகளையும் திருப்பித் தருவான், புதிதாகப் பங்கிடலாம். நான் பதினொன்றாம் வகுப்பில் கணிதம் உள்ள பிரிவைக் கேட்டேன். வீட்டில் வேறு முடிவெடுத்தார்கள். அதைத் திருப்பித் தர எந்த முகாமிலும் யாரும் நிற்கவில்லை.

அதனால்தான் "யாரோட பில்டு?" என்ற கேள்வி அன்று அவ்வளவு சுருக்கென்று தைத்தது. சித்தி மகன் இப்போது தன் கதாபாத்திரத்தின் கணக்கைச் சரிபார்க்க என்னிடம் வருகிறான். போன பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, முப்பது பேருக்குச் சமைக்க என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு அது வராது, காய் நறுக்கித் தருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவனைக் கூப்பிட்டு, நீ தேங்காய் துருவு என்றேன்.