தந்தை பேசாத மகள்

இந்தியாவிலிருந்து சென்று கலிஃபோர்னியாவில் குடியேறிய ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கதை, ஃபாத்திமா ஃபர்ஹீன் மிர்ஸா எழுதி 2018இல் வெளிவந்த 'எ பிளேஸ் ஃபார் அஸ்' என்னும் ஆங்கில நாவல். ரஃபீக், லைலா தம்பதியருக்கு ஹாதியா, ஹுதா, அமர் என மூன்று மக்கள். வீட்டைத் துறந்து சென்றிருந்த அமர், மூத்தவளின் திருமணத்திற்குத் திரும்பி வருவதில் கதை தொடங்குகிறது. ஆகவே, வழிதவறிய மகனின் துயரமாக இதனை வாசிப்பது எளிது. மூத்த மகளின் பக்கம் நின்று வாசிப்பதே பொருத்தம் என நாம் கருதுகிறோம்.

அந்நிய மண்ணில் வேரூன்ற முயலும் பெற்றோர், தாம் விட்டுவந்த அனைத்திற்கும் ஈட்டை முதற்பிள்ளையிடமே தேடுகின்றனர். கல்வியில் முதன்மை, மார்க்கப் பேணுதல், இளையோருக்கு முன்மாதிரி என யாவும் அப்பிள்ளையின் தோளில் ஏறுகின்றன. ஹாதியா மருத்துவராகிறாள், மகனுக்கே உரியதென எண்ணப்பட்ட பாட்டனாரின் கைக்கடிகாரம் அவளிடம் சேர்கிறது. நீதி கிடைத்தது என்று வாசகர் மகிழலாம். ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது: இது அன்பின் கொடையா, வெற்றிக்கான கூலியா?

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் தந்தை அளித்த அன்பளிப்புக்குச் சாட்சியாக நபி (ஸல்) அவர்கள் இசையவில்லை. பிள்ளைகளிடையே நீதி பேணுமாறே பணித்தார்கள். இந்நபிமொழியை நாம் சொத்தோடு நிறுத்திவிடுகிறோம். சுமையைப் பகிர்வதிலும் அந்நீதி வேண்டும் என்பதே நம் துணிபு. ஒருவன் தவறினால் கண்ணீரும், மற்றொருத்தி தவறவே கூடாது என்ற எதிர்பார்ப்பும் நீதியாகா.

நாவலின் இறுதிப் பகுதி ரஃபீக்கின் தன்கூற்று. தம் கண்டிப்புக்காக அவர் வருந்துகிறார். ஆனால், அவ்வுரை முழுவதும் அமரை நோக்கியது. ஹாதியாவைப் பற்றி அதில் பேசுகிறார்; ஹாதியாவிடம் பேசவில்லை. இத்தகைய இல்லங்களின் உண்மை இதுவே என்பதால் இதை நாவலின் குறையென்று சொல்லத் தயங்குகிறோம். எனினும், அந்த மௌனத்தை ஹாதியா ஒருமுறையேனும் தந்தையிடம் சுட்டிக் கேட்டிருப்பின் நாவல் இன்னும் உயர்ந்திருக்கும்.

சென்றவனிடம் மன்னிப்புக் கேட்கத் தந்தைக்கு நாவெழுகிறது. உடனிருந்தவளிடமும் கேட்பதற்கு ஏதோ இருக்கிறது என்பதை அவர் அறியாமலே நூல் முடிகிறது. நம் வீடுகளில் அதை அறிந்துகொள்ள இன்னும் காலம் இருக்கிறது.