அடிபட்ட உடலும் திறக்கப்பட்ட கண்ணும்
‘ரேஜிங் புல்’ திரைப்படம் குறித்து ஒரு நோக்கு

குத்துச்சண்டை வீரன் ஒருவனின் வரலாற்றைக் கூறும் திரைப்படம் ஒன்று திருமறை வசனத்தோடு முடிகிறது. 1980-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘ரேஜிங் புல்’ என்னும் படமே அது. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பார்வை பெற்ற மனிதன் பரிசேயருக்கு அளித்த விடை, படத்தின் இறுதியில் எழுத்துகளாகத் திரையில் தோன்றுகிறது. அதற்குமுன் இரண்டு மணி நேரமாக நாம் கண்டதோ, மனைவியை அறைந்து, உடன்பிறந்தவனை உதைத்து, பட்டத்திற்கான வாய்ப்புக்காகப் போட்டியில் வேண்டுமென்றே தோற்று, இறுதியில் சிறை சென்ற ஒருவனுடைய கதை. இவனுக்கா அவ்வசனம்? மனந்திரும்புதலைப்பற்றி ஞாயிறுதோறும் பேசுகின்ற நாம் இவ்வினாவைக் கேட்டேயாக வேண்டும்.

படமும் படைத்தோரும்

ஜேக் லமோட்டா 1949-இல் மார்செல் செர்டானை வென்று, மிடில்வெயிட் பிரிவில் உலகப் பட்டம் பெற்றவர், 2017-இல் மறைந்தார். 1970-இல் வெளியான அவருடைய தன்வரலாற்று நூலைப் படித்து, இதைப் படமாக்க வேண்டும் என்று விடாது வற்புறுத்தியவர் நடிகர் ராபர்ட் டி நீரோ. குத்துச்சண்டையில் நாட்டமில்லாத இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி முதலில் தயங்கினார்; 1978-இல் கடும் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தபின்னரே இசைந்தார். ஸ்கார்செஸி ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்து, குருவாகும் எண்ணத்தோடு ஆயத்தப் பள்ளியில் சிறிது காலம் பயின்றவர். திரைக்கதையாசிரியர் இருவருள் ஒருவரான பால் ஷ்ரேடர் கண்டிப்பான கால்வினியக் குடும்பத்தில் பிறந்து, கால்வின் கல்லூரியில் கற்றவர். பாவம், தண்டனை, மீட்பு என்னும் சொற்களைச் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்த இருவரின் கைவண்ணம் இப்படமெங்கும் தெரிகிறது.

லமோட்டாவின் நூலில் ஓர் நிகழ்ச்சி உண்டு. இளமையில் ஒருவனைத் திருடுவதற்காகத் தாக்கிய அவர், அவன் இறந்துவிட்டதாக எண்ணிப் பல்லாண்டு மனம் வெதும்புகிறார். பட்டம் வென்றபின் அம்மனிதன் உயிரோடு எதிரே வந்து நிற்கிறான். படம் இந்நிகழ்ச்சியை அறவே விட்டுவிட்டது. அதைச் சேர்த்திருந்தால் நாயகனின் வெறிக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். நாமும் எளிதில் இரங்கியிருப்போம். இப்பொழுதோ அவன் குற்றம் வீட்டிற்குள் அன்றாடம் நிகழும் குற்றமாகவே நிற்கிறது.

நடிப்பின் வன்மை

டி நீரோவின் நடிப்பைப் பேசுவோர் அனைவரும் அவருடைய உடல் மாற்றத்தையே முதலில் கூறுவர். லமோட்டாவிடமே பயிற்சி பெற்று இறுகிய உடலோடு மேடையேறிய அவர், படப்பிடிப்பைச் சில மாதங்கள் நிறுத்திவைத்து, சுமார் 60 பவுண்டு எடை கூட்டிக்கொண்டு, பிற்காலத்து லமோட்டாவாக வந்தார். இது வியப்புக்குரியதே. எனினும் எடை கூட்டுவது உழைப்பு. அதனையே நடிப்பு எனல் ஆகாது. அவருடைய உண்மையான ஆற்றல் வேறிடத்தில் உளது.

தொலைக்காட்சிப் பெட்டியைப் பழுது பார்த்துக்கொண்டே தம்பி ஜோயியிடம் தன் மனைவியைப்பற்றி வினவும் காட்சியைக் கருதுவோம். குரல் உயரவில்லை. கைகள் பெட்டியைத் திருகிக்கொண்டிருக்கின்றன. கேட்ட கேள்வியையே மீண்டும் மீண்டும் கேட்கிறான். ஐயம் ஒரு மனிதனுக்குள் எப்படி உறுதியாக உருமாறுகிறது என்பதை நம் கண்முன் காண்கிறோம். அடுத்த சில நிமிடங்களில் தம்பியின் வீட்டுக்குள் புகுந்து, அவன் மனைவி மக்கள் முன்னிலையிலேயே அவனை அடிக்கிறான்.

பின்னர் ஒருநாள், மனைவி விக்கி ஜோயிக்குத் தொலைபேசியில் தொடர்பு ஏற்படுத்தித் தருகிறாள். கருவியைக் கையில் வாங்கியவன் ஒரு சொல்லும் சொல்லாமல் நிற்கிறான். மறுமுனையில் ஜோயி, யாரோ விளையாடுகிறார்கள் என்று எண்ணி ஏசுகிறான். இவன் மெல்ல வைத்துவிடுகிறான். மன்னிப்புக் கேட்க விழைந்தும் நா எழாத மனிதனை இத்துணை எளிமையாகக் காட்டிய நடிகர் சிலரே. ஓரிடத்திலேனும் டி நீரோ நம் இரக்கத்தை யாசிக்கவில்லை. அந்நடிப்பிற்கு அமெரிக்கத் திரைப்படக் கழகத்தார் 1981-இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதை வழங்கியது தக்கதே.

தண்டனை பரிகாரம் ஆகுமா?

1951 பெப்ருவரி 14 அன்று சிக்காகோ நகரில் ஷுகர் ரே ராபின்சனிடம் லமோட்டா பட்டத்தை இழந்தார். போட்டி பதின்மூன்றாம் சுற்றில் நிறுத்தப்பட்டது. படத்தில் இச்சண்டை ஒரு சடங்கைப்போல் அமைந்துள்ளது. லமோட்டா கைகளைத் தாழ்த்திக் கயிற்றில் சாய்ந்து, அடிகளை வரவேற்று நிற்கிறான். தான் செய்த தீமைகளுக்கெல்லாம் தன் உடலிலேயே கணக்குத் தீர்க்க முயல்கிறான் என்று உணர்கிறோம். சண்டை முடிந்ததும், வீங்கிய முகத்தோடு ராபின்சனை அணுகி, தன்னை அவரால் தரையில் வீழ்த்த முடியவில்லை என்று பெருமை பேசுகிறான். கயிற்றிலிருந்து குருதி சொட்டுகிறது.

அடிபட்டான், ஆயினும் தாழவில்லை. தன்னைத்தானே ஒறுத்துப் பாவத்தைக் கழிக்க முயல்வோனின் நிலை இதுவே. ஒறுத்தலும்கூட அவனுக்குப் பெருமையாக மாறிவிடுகிறது. இரவெல்லாம் விழித்தும் நோன்பிருந்தும் உடலை வாட்டிய துறவி லூத்தர் அமைதி காணவில்லை என்பதை நாம் அறிவோம். சீர்திருத்தச் சபையார் நூல்களில் கற்ற இவ்வுண்மையை இங்கு ஒரு நடிகரின் உடலில் காண்கிறோம். மியாமிச் சிறையின் இருளில் அவன் தலையாலும் கைகளாலும் சுவரை மோதி, தான் விலங்கு அல்லன் என்று கதறும்போது, அடிக்க எதிராளி இல்லாமல் தானே தனக்கு எதிராளி ஆகிவிட்டான். அது மனந்திரும்புதலா? படம் கூறவில்லை. டி நீரோவும் அதற்கான அறிகுறி எதனையும் முகத்தில் எழுதிக்காட்டவில்லை.

அணைத்தவனும் அணைக்கப்பட்டவனும்

விடுதலைக்குப்பின் நியூயார்க் நகரில் ஜேக் தம்பியைக் காண்கிறான். பின்தொடர்ந்து சென்று அவனைக் கட்டியணைத்து முத்தமிடுகிறான். ஜோயியாக நடிக்கும் ஜோ பெஷி விறைத்து நிற்கிறார். பிறகு பேசலாம் என்னும் பொருள்படக் கூறி விலகுகிறார். ஒப்புரவு நிகழ்ந்ததாக நம்மை நம்பவைக்க இயக்குநர் முயலவில்லை.

இக்காட்சி என்னைக் குற்றம் சாட்டுகிறது. பல ஆண்டுகளுக்குமுன் கிராமச் சேகரம் ஒன்றில் நான் பணியாற்றியபோது, குடித்து மனைவியை அடித்துவந்த ஒருவர் ஆராதனையில் எழுந்து கண்ணீரோடு சாட்சி பகர்ந்தார். சபை மகிழ்ந்தது. அன்று மாலையே தாய்வீட்டிலிருந்த அவர் மனைவியை அழைத்துவரச் செய்து, இருவர் கரங்களையும் நானே சேர்த்துவைத்து ஜெபித்தேன். அவ்வம்மையார் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் அவர் கையில் கட்டோடு மீண்டும் தாய்வீடு சென்றார். கணவரின் கண்ணீரைக் கூர்ந்து நோக்கிய நான் மனைவியின் முகத்தை நோக்கவில்லை.

இப்படத்தின் குறையும் ஏறத்தாழ அதுவே. விக்கியாக நடித்த கேத்தி மோரியார்ட்டி தம் முதற்படத்திலேயே திறம்படச் செய்திருக்கிறார். காரின் கண்ணாடியைச் சற்றே இறக்கி, பிள்ளைகளோடு தான் பிரிந்துசெல்வதைக் கணவனிடம் அறிவிக்கும் காட்சியில் அவருடைய உறுதி தெரிகிறது. ஆனால் அதன்பின் படம் அவளை மறந்துவிடுகிறது. அடித்தவன் உள்ளத்தில் நிகழ்ந்ததை ஆராய்ந்த அளவு, அடிபட்டவள் உள்ளத்தில் நிகழ்ந்ததை அது ஆராயவில்லை.

வசனம் யாருக்கு?

இனி முதல் வினாவிற்கு வருவோம். லமோட்டாவுக்கு இவ்வசனம் பொருந்தாது என்பதே ஷ்ரேடர் பிற்காலத்தில் தெரிவித்த கருத்து. ஸ்கார்செஸி வசனத்தை அடுத்து, தம் ஆசிரியர் ஹெய்க் மனூகியனின் நினைவுக்குப் படத்தைக் காணிக்கையாக்கியுள்ளார். எனவே பார்வை பெற்றவர் இயக்குநரே எனக் கொள்ளவும் இடமுண்டு.

வசனத்தையே உற்றுநோக்குவோமாயின் வேறொன்று விளங்கும். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பாவி எனப் பரிசேயர் பழித்தது குருடனாயிருந்தவனை முன்னிட்டு அன்று. அவனுக்குப் பார்வை தந்த இயேசுவையே அப்படிப் பழித்தனர். அப்பழியைப்பற்றித் தான் அறியேன் என்று கூறி, தனக்கு நிகழ்ந்ததை மட்டும் அம்மனிதன் அறிக்கையிடுகிறான். லமோட்டாவைக் கிறிஸ்துவின் இடத்தில் வைப்பது தகாது. ஆயினும் அவன் எத்தகைய பாவி என்று தீர்ப்பிடுவது நம் முதல் வேலையன்று என்பதை வசனம் நமக்கு உணர்த்துகிறது. அவனைக் கண்டபின் நம் கண் திறந்ததா என்பதே கேள்வி.

இறுதிக் காட்சியில், 1964-ஆம் ஆண்டில், பருத்த உடலோடு கண்ணாடிமுன் அமர்ந்து, ‘ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்’ படத்தில் வரும் குத்துச்சண்டை வீரன் தன் அண்ணனைக் கடிந்துரைக்கும் பகுதியை ஜேக் ஒப்பிக்கிறான். டி நீரோ அதை உணர்ச்சியின்றி, மனப்பாடமாகவே கூறுகிறார். தம்பியைக் குறைகூறுகிறானா, தன்னையே குறைகூறுகிறானா என்று நம்மால் துணிய முடிவதில்லை. மனமாற்றத்தை நடித்துக்காட்ட மறுத்ததே இந்நடிப்பின் நேர்மை. ஒருவன் மனந்திரும்பியதை அறிவிக்கும் அதிகாரம் நடிகருக்கு இல்லை, போதகருக்கும் இல்லை. அதனைத் தேவன் அறிவார். காலப்போக்கில் அவன் வீட்டார் அறிவர்.

அந்த வீட்டாரின் முகத்தை நோக்க இப்படம் எனக்குக் கற்பித்தது. காலந்தாழ்ந்தே கற்றேன்.