பயமுறுத்தியாயிற்று, பிறகு?

புகையிலை எதிர்ப்பு நாளான மே 31 வந்தால் மேடைதோறும் ஒரே வாதம். சிகரெட் பெட்டியின் 85 விழுக்காட்டை எச்சரிக்கைப் படம் அடைத்துக்கொண்டதால்தான் நாட்டில் புகையிலைப் பழக்கம் குறைந்ததாம். ஆதாரம், பெரியவர்களிடையே எடுத்த தேசியக் கணக்கெடுப்பு: 2009-10இல் 34.6 விழுக்காடு, 2016-17இல் 28.6. இறங்கியது உண்மைதான். ஆனால் அந்தப் பெரிய படம் நடைமுறைக்கு வந்ததே 2016 ஏப்ரலில். அதே ஆண்டு ஆகஸ்டில் கணக்கெடுப்பு தொடங்கிவிட்டது. சின்னப் படங்கள் 2009 முதலே இருந்தன என்பார்கள், சரி, இருக்கட்டும். அப்படியானால் அதே கணக்கெடுப்பில் தமிழ்நாடு 16.2இலிருந்து 20க்கு ஏறியது எப்படி? நடுவில் 2013இல் இங்கே குட்கா தடை வேறு வந்திருந்தது. இந்த எண்ணை மேடையில் யாரும் வாசிப்பதில்லை.

எதுவுமே பலிக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. பொது இடத்தில் புகைக்கத் தடை 2008இல் கறாரான பிறகு, கைக்குழந்தையோடு பஸ்ஸில் போகிறவர்களுக்கு விடிவு கிடைத்தது. விலை ஏறினால் பள்ளிப் பையன்கள் எட்டிப்போகிறார்கள் என்பதும் உலகம் கண்டது. (பீடிக்கு மட்டும் ஜிஎஸ்டியை 28இலிருந்து 18ஆக இறக்கியது எந்த ஊர் நியாயம் என்பது தனிக் கட்டுரைக்கான சங்கதி.)

என் குறை வேறு, பழையதும்கூட. புகைக்கிறவனுக்குக் கெடுதல் தெரியாது, தெரிந்தால் விட்டுவிடுவான் என்ற நினைப்பில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. அவனுக்குத் தெரியும். புகைப்பவர்களில் 55.4 விழுக்காட்டினர் விட்டுவிடத் திட்டமிடுகிறார்கள், அல்லது யோசிக்கிறார்கள் என்று இவர்கள் ஆதாரம் காட்டும் அதே கணக்கெடுப்புதான் சொல்கிறது. பயந்தவனை மறுபடி மறுபடி பயமுறுத்துகிறோம். சினிமா தியேட்டரில் வாய்ப்புற்று விளம்பரம் ஓடும்போது பையன்கள் கூடவே வசனம் சொல்லிச் சிரிக்கிறார்கள். பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் கேட்பவன் கண்ணில் படமே படுவதில்லை. பெட்டி கடைக்காரரிடம் இருக்கிறது.

விட நினைக்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது? பெட்டியில் ஒரு போன் நம்பர்: 1800-11-2356. அழைப்பு இலவசம், தமிழிலும் பேசுகிறார்கள், அவர்கள் வேலையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நேரம்தான் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, திங்கட்கிழமை விடுமுறை. பீடிக்காரருக்குக் கை துறுதுறுப்பது விடியற்காலை டீயோடு. இரவு முழுக்க நிக்கோட்டின் இறங்கிக் கிடந்து, மூளை கேட்கத் தொடங்கும் வேளை அது. நிறுத்திய முதல் சில நாட்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலோர் வழுக்குவது அங்கேதான். அந்த நாட்களைத் தாண்டவைக்கத்தான் நிக்கோட்டின் கம். உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே இதுபோன்ற மாற்று நிக்கோட்டினை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நாம் சேர்த்தது 2022இல்.

பட்டியலில் ஏறியது கைக்கு வந்ததா? மெடிக்கலில் காசு கொடுத்தால் வரும். ஒரு அட்டை விலைக்குப் பல கட்டு பீடி வாங்கலாம். எப்படிப் போடுவது என்று கவுண்டரில் சொல்வதும் அபூர்வம். சுருக்கென்று காரம் ஏறும்வரை மெதுவாக மென்று, பிறகு கடைவாயில் ஒதுக்கி வைக்க வேண்டும்; காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். தெரியாதவர் பபிள்கம் போல விடாமல் மெல்வார்; விக்கலும் குமட்டலும் வரும்; "இது சரிப்படாது" என்று துப்பிவிட்டுப் பழைய கடைக்கே போவார். அவருக்கு மன உறுதி போதவில்லை என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுவோம். இருமலோடு வருகிறவரிடம் "பீடி குடிப்பீங்களா? விட்டுடுங்க" என்று சொல்லி, சிரப் எழுதிக் கொடுத்து அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிற டாக்டரும் அதே தீர்ப்பைத்தான் எழுதுகிறார். சர்க்கரை நோயாளியிடம் "சர்க்கரையைக் குறைச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லி, மாத்திரை தராமல் அனுப்புவாரா?

வழி இல்லாமல் இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் பெண்ணுக்கு, அந்த வீட்டில் யார் பீடி குடிக்கிறார், யார் ஹான்ஸ் புகையிலை ஒதுக்குகிறார் என்பது ரேஷன் அட்டை எண்ணைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவர் பையில் கம் அட்டை ஒன்றை வைத்து, மெல்லும் விதத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் பயிற்சி போதும். அதற்கு ஆகும் செலவை, அடுத்த மே 31க்கு அச்சடிக்கப்போகும் பதாகைகளின் பில்லோடு சுகாதாரத்துறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.