தோட்டாவை மீண்டும் நிரப்புதல்: மருந்துத் தேர்வும் தமிழ்நாட்டு வெயிலும்

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல், அடியில் தீப்பற்றவைக்கும் புதிய பிரைமரும் உள்ளே அளந்த வெடிமருந்தும் வாயில் புதிய குண்டும் பொருத்தி மறுபடி பயன்படுத்தும் வழக்கம் மேலைநாட்டுத் துப்பாக்கி விளையாட்டில் வேரூன்றிய ஒன்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் அதற்கு நேரான வழக்கம் இல்லையெனினும், அதன் மூத்த வடிவம் உண்டு. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, நாரோ துணியோ வைத்துக் கோலால் கெட்டித்து, ரவையை இட்டு, பின்புறம் கேப் மாட்டிச் சுடும் நாட்டுத் துப்பாக்கியைத் தமிழ்நாட்டில் நரிக்குறவர்களும், பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற உழவர்களும் தலைமுறைகளாகக் கையாண்டு வந்துள்ளனர். அதில் ஒவ்வொரு வெடிக்கும் எவ்வளவு மருந்து, எந்த ரவை என்று முடிவு செய்பவர் சுடுபவரே. ரைபிள் தோட்டாவை நிரப்புபவரும் அதே முடிவைத்தான் எடுக்கிறார். ஆயினும் ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் ஆபத்தாக மாறக்கூடும் என்பதே இவ்வழக்கத்தை மதிப்பிடுவோர் முதலில் கருத வேண்டியது.

வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த கருமருந்து எரியும் வேகம் அழுத்தத்தால் மிகுதியாக மாறுவதில்லை. ஆகவே அதைக் குப்பியால் முகந்து இட்டாலும், சற்றுக் கூடக்குறைய ஆனாலும், குழல் நலிந்திருந்தாலன்றிப் புகையும் உதையும் கூடுவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். நைட்ரோசெல்லுலோஸை அடிப்படையாகக் கொண்ட புகையிலா மருந்து, அழுத்தம் ஏற ஏற வேகமாக எரிகிறது, வேகமாக எரிவதால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. எனவே அதை முகந்து அளக்கும் பழக்கத்தை நம்பாமல், ஏறத்தாழ 65 மில்லிகிராமுக்குச் சமமான ‘கிரெய்ன்’ என்னும் அலகில், அதுவும் பத்தில் ஒரு பங்கு வரை, தராசில் நிறுத்துப் பார்க்கின்றனர்.

மருந்துத் தேர்வின் அடிப்படை எளிது, செயல்தான் கடினம். கூட்டின் கொள்ளளவு பெரிதாகவும் குண்டு செல்லும் குழலின் விட்டம் சிறிதாகவும் இருக்குந்தோறும் மெதுவாக எரியும் மருந்து வேண்டும். குண்டின் எடை கூடினாலும் அவ்வாறே. சிறிய கூடுடைய .223 தோட்டாவுக்கு ஓரளவு வேகமான மருந்து, .308-க்கு நடுத்தர வேகம், அதே விட்டக் குண்டை இன்னும் நீண்ட கூட்டில் தாங்கும் .30-06-க்கு அதனினும் சற்று மெதுவானது என்ற வரிசை இவ்விதியிலிருந்தே பிறக்கிறது. கைத்துப்பாக்கிக்குரிய வேகமான மருந்தை ரைபிள் கூட்டில் நிரப்பினால், குண்டு சிறிதே நகர்வதற்குள் அழுத்தம் வரம்பைக் கடந்துவிடும். அமெரிக்கத் தொழில்தரம் .308-க்கு வகுத்த அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, பழைய .303-க்கு 49,000 மட்டுமே. இரண்டு கூடுகளும் கண்ணுக்கு நெருங்கிய உறவினர்போல் தோன்றுவதுதான் இதில் வேடிக்கை.

பிரைமர் என்பது ஊசி தாக்கியதும் தீப்பிடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம். ரைபிள் பிரைமர்கள் ஏறத்தாழ 4.45 மி.மீ., 5.33 மி.மீ. என இரு விட்டங்களில் கிடைக்கின்றன. விட்டத்தைக் கூடே தீர்மானித்துவிடுவதால் அதில் தேர்வுக்கு இடமில்லை. தேர்வு இருப்பது தீயின் வலிமையிலும் கிண்ணத்தின் தடிமனிலும்தான். மேற்பூச்சால் எரிவேகம் குறைக்கப்பட்ட உருண்டை மருந்துக்கும், மிகுந்த அளவில் இடப்படும் மெதுவான மருந்துக்கும் ‘மேக்னம்’ எனப்படும் வலுத்த பிரைமர் பொருந்தும். ஆனால் மருந்தை மாற்றாமல் பிரைமரை மட்டும் மாற்றினாலும் அழுத்தம் உயரலாம் என்பதால், எந்தப் பாகம் மாறினாலும் மருந்தளவைக் குறைத்து மீண்டும் படிப்படியாக ஏற்றுவதே ஒழுங்கு. தானியங்கி ரைபிள்களில் ஊசி தளர்வாக இருப்பதுண்டு; அவற்றில் மெல்லிய கிண்ணமுடைய பிரைமரை இட்டால், விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கும் அபாயம் உள்ளது.

இவ்வழக்கத்தின் பெருமை இங்கேதான் தொடங்குகிறது. தொழிற்சாலைத் தோட்டா எல்லா ரைபிள்களுக்கும் பொதுவாகச் செய்யப்படுவது. கையால் நிரப்பியது குறிப்பிட்ட ஒரு குழலின் குணத்துக்கு ஏற்ப, அதன் அதிர்வுக்கும் குண்டு இருக்கும் ஆழத்துக்கும் ஒத்துவரும்படி திருத்தப்படுவது. செலவு மிச்சம் என்று பலரும் சொல்லும் காரணம் அவ்வளவு உறுதியானதன்று. மிச்சமான பணத்தில் இன்னும் அதிகமாகச் சுடுகிறார்கள் என்பதே நடைமுறை.

இனிக் குறை. முதல் தடை வெப்பம். அளவுப் பட்டியல்களுக்கான சோதனைகள் பெரும்பாலும் ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நடப்பவை. புதுக்கோட்டையின் மே மாதப் பகல் 38, 40 டிகிரியைத் தொடுவது. வெயிலில் வைத்த ரைபிளின் இரும்பும் அதனுள் இருக்கும் தோட்டாவும் அதற்கு மேலும் சூடேறும். மருந்து சூடானால் வேகமாக எரியும், அழுத்தமும் உயரும். ஆகவே குளிர்நாட்டில் வரம்பை ஒட்டி நின்ற அளவு இங்கே வரம்பைத் தாண்டலாம். இது புதிய கண்டுபிடிப்பன்று. .303 தோட்டா முதலில் கருமருந்தோடு வந்து, சில ஆண்டுகளில் நைட்ரோகிளிசரினும் பஞ்சுவெடியும் கலந்த கார்டைட்டுக்கு மாறியபோது, வெப்பநாடுகளில் அழுத்தம் ஏறுவதும், சுட்ட கூடு அறையிலேயே இறுகிக்கொள்வதும் ஆங்கிலேயரை வருத்தின. இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என வடிவமைக்கப்பட்ட பெருவேட்டைத் தோட்டாக்களுக்கு வேண்டுமென்றே அகன்ற கூடு கொடுத்து அழுத்தத்தைத் தாழ்த்தி வைத்தது அந்தப் பாடத்தால்தான். கார்டைட்டை இந்தியாவிலேயே செய்ய நீலகிரி அருவங்காட்டில் 1903-இல் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதன் மருந்து பெரும்பாலும் படைகளுக்குப் போயிற்று, தனியார் கையில் தரப்படும் அளவுப் பட்டியல் என்ற ஒன்று அதிலிருந்து வளரவில்லை.

இரண்டாவது தடை கூட்டிலேயே இருக்கிறது. .303 குடிமக்களுக்கு மறுக்கப்பட்டதால் உரிமதாரர்களுக்கென உருவான .315 போன்ற இந்தியத் தோட்டாக்களில், ராணுவ மரபையொட்டிப் பெர்டன் முறைப் பிரைமர்களே பெரிதும் பயன்பட்டன. அவற்றில் தீ செல்லும் துளைகள் இரண்டு, அவையும் நடுவில் இல்லை; ஆகவே ஊசியால் குத்திப் பழைய பிரைமரைத் தள்ள முடியாது. நடுவில் ஒரே துளையுள்ள பாக்சர் முறையே மீண்டும் நிரப்புவோருக்கு உகந்தது. மூன்றாவது தடை சட்டம். 1959 ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் அதைச் செய்யும் எந்திரங்களையும் தோட்டாவுடனேயே சேர்த்து வரையறுக்கிறது. உரிமமின்றி உற்பத்தி செய்வோருக்கு 2019 திருத்தம் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை என்கிறது. கடுமை மிகுதிதான். எனினும் பாகங்களைக் கட்டுப்படுத்துவதில் உள்ள நியாயத்தை மறுக்க முடியாது: நிரப்பியதைச் சோதிக்க நீண்ட, காப்பான சுடுதளம் வேண்டும். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலை அருகிலுள்ள பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்த குண்டு தொலைவிலிருந்த சிறுவனைத் தாக்கி, சில நாளில் உயிரைப் பறித்தது. அது அரசுப் படையினரின் தளம். அங்கேயே காப்பு போதவில்லை என்றால், தனியார் ஒருவர் வயல்வெளியில் தம் மருந்தளவைச் சோதிப்பதை எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை.

இந்திய விளையாட்டு வீரருக்கு இத்தடைகளால் உண்மையில் எவ்வளவு இழப்பு? நாட்டின் ரைபிள் போட்டிகள் பெரும்பாலும் காற்று ரைபிளிலும் .22-இலும் நடப்பவை; .22 தோட்டாவின் தீப்பிடிக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் பூசப்படுவதால் அதை மீண்டும் நிரப்ப வழியில்லை. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், ஹாங்சோ ஆசியப் போட்டியில் டிராப் அணிப் பிரிவில் தங்கமும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்கும் வாய்ப்பும் பெற்றது ஷாட்கன் என்னும் ரவைத் துப்பாக்கியில். அப்போட்டிக்கு விதி அனுமதிப்பது ஏறத்தாழ 24 கிராம் ரவை கொண்ட 12-போர் தோட்டா. அத்தகைய தோட்டாவைத் தொழிற்சாலைகளே சீராகச் செய்து தருகின்றன. இழப்பு இருப்பது நடுமையப் பிரைமர் கொண்ட பெரிய ரைபிள்களில், 300 மீட்டர் போட்டி போன்ற குறுகிய வட்டத்தில் மட்டுமே. அந்த வட்டத்துக்காக விதி என்றேனும் தளர்த்தப்பட்டாலும், நிரப்பும் கருவிகளை இறக்குமதி செய்வதில் தொடங்குவது தவறான வரிசை. வெயில்நாடான ஆஸ்திரேலியா, வெப்பத்துக்கு எளிதில் அசையாத மருந்துகளைத் தன் முல்வாலா ஆலையில் செய்து உலகெங்கும் விற்கிறது. அருவங்காடோ வேறோர் ஆலையோ 40 டிகிரியில் அளந்த அழுத்தப் பட்டியல் ஒன்றை வெளியிடும்வரை, அயல்நாட்டு எண்களை இங்கே பின்பற்றுவோர் அளவைத் தெரிந்து அல்ல, ஊகித்தே நிரப்புவர்.