சுதையும் சோளமும்

மெக்சிகோவின் கெரேத்தரோ மாநிலத்தில், சியர்ரா கோர்தா மலைகளுக்கு நடுவே இருக்கிறது ஹால்பன் தே செர்ரா. பிரான்சிஸ்கன் துறவி ஹூனிப்பெரோ செர்ரா 1750இல் இங்கே வந்தார். இங்குள்ள மிஷன் தேவாலயம் எழுந்தது அவர் காலத்தில்.

அதன் முகப்பை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கொடியும் பூவும் புனிதர்களுமாக இடைவெளியே இல்லாத சுதை வேலை. ஒரு பக்கம் மெக்சிகோவின் குவாதலூப்பே மாதா, இன்னொரு பக்கம் ஸ்பெயினின் பிலார் மாதா. கீழே பாம்பைக் கவ்வும் இருதலைக் கழுகு: ஐரோப்பிய அரசச் சின்னத்தின் வாயில் மெக்சிகோவின் பாம்பு! திட்டம் துறவிகளுடையது, கை வேலை பாமே பழங்குடியினருடையது. ஸ்பானியப் படையெடுப்புக்குப் பின் மிஷனைச் சுற்றிக் குடியமர்த்தப்பட்டவர்கள் அவர்கள் என்பதையும் மறந்துவிட்டு ரசிக்க முடியாது. இப்பகுதியின் ஐந்து மிஷன் தேவாலயங்களும் 2003இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

சாப்பாட்டுக்கு வருவோம். அக்கம்பக்கத்து உவாஸ்தெக்கா வட்டாரத்தின் பெருமை ‘சாக்காவில்’ என்னும் பண்டம். கொரகொரப்பாக அரைத்த மக்காச்சோளத்தில் பன்றிக்கொழுப்பும் மிளகாய் விழுதும் பிசைந்து, பெரிய இறைச்சித் துண்டுகளைப் புதைத்து, வாழை இலையில் பொதிந்து, மண் அடுப்பில் இரவு முழுக்க வேகவிடுகிறார்கள். சில பொதிகள் ஆள் நீளம்! விடிந்ததும் இலையைப் பிரித்தால் சிவந்த மாவு குழைந்து நெகிழ்ந்திருக்கும். அள்ளித் தட்டில் வைத்து, பக்கத்தில் வினிகரில் ஊறிய மிளகாய். காலைப் பலகாரத்துக்கு இது கொஞ்சம் அதிகம்தான். அங்கே யாரும் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை.