கோபுரமும் கட்டிலும்

கலைஞரின் கொடையைச் சமுதாயம் இரு கைகளையும் நீட்டி ஏற்றுக்கொள்கிறது. கலைஞரின் சொல்லை ஏற்பதற்கு மட்டும் தயங்குகிறது. அக்கலைஞர் பெண்ணாகவும் இருந்துவிட்டால் அத்தயக்கம் எளிதில் சினமாக மாறிவிடுகிறது. 2020ஆம் ஆண்டில் தஞ்சையை முன்னிட்டு நடிகை ஜோதிகாவுக்கு நேர்ந்தது இதுவே. அன்றைய ஆரவாரம் அடங்கிவிட்ட நிலையில், அவருடைய திரைப்பணியையும் ஈகைப்பணியையும் ஒருசேர வைத்து எண்ணிப் பார்ப்பது பயனுடையது என்று கருதுகிறோம்.

1998இல் இந்திப் படமொன்றில் அறிமுகமாகி, 1999இல் ‘வாலி’, ‘பூவெல்லாம் கேட்டுப்பார்’ ஆகிய படங்களின் வழியே தமிழுக்கு வந்தவர் அவர். ‘குஷி’ (2000) அவரைப் பெரும் புகழுக்கு உரியவராக்கியது. அக்காலப் படங்களில் அவருடைய கண்களும் புருவங்களும் உரையாடலுக்கு முன்னே ஓடின. மக்கள் அதனை விரும்பினர். ஆயினும், உணர்ச்சி கரை மீறிப் பெருகுவதைத் திறனாய்வாளர் குறையாகவே காண்பர். ‘சந்திரமுகி’யில் (2005) அப்பெருக்கு கதைக்கே தேவையாக அமைந்ததால் பொருந்திற்று.

ராதாமோகன் இயக்கிய ‘மொழி’யே (2007) அவருடைய நடிப்பில் திருப்புமுனை என்போம். கேட்கவும் பேசவும் இயலாத அர்ச்சனாவாக அவர் தோன்றினார். அதற்கு முன் வந்த பல தமிழ்ப் படங்களில் அவருக்காகப் பிறர் குரலே ஒலித்திருந்தது. குரலே இல்லாத இப்படத்திலோ, முழு மாந்தராக அவரை நாம் முதன்முறையாகச் சந்தித்தோம். பிறருடைய இரக்கத்தை வேண்டாத, தன்மதிப்பில் சிறிதும் குறையாத ஒரு பெண் அங்கே நின்றாள். உடற்குறையுள்ளோரை அழுகைக்கோ நகைப்புக்கோ உரிய பொருளாக்கி வந்த நம் திரையுலகில் இது சிறிய சாதனை அன்று.

2006இல் நடிகர் சூர்யாவை மணந்து சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்தவர், 2015இல் ‘36 வயதினிலே’ வழியே திரும்பினார். வீட்டாராலும் அலுவலகத்தாராலும் ஒரு பொருட்டாக மதிக்கப்படாத நடுவயதுப் பெண், நஞ்சில்லாக் காய்கறி விளைவிப்பதில் தன்னை மீட்டெடுக்கும் கதை அது. பின்னர் வந்த ‘மகளிர் மட்டும்’ (2017), ‘ராட்சசி’ (2019), ‘பொன்மகள் வந்தாள்’ (2020) ஆகியவை பெண்ணையும் சமுதாயத்தையும் நேரடியாகப் பேசின.

இப்படங்களின் நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் கலை என்ற அளவில் ஒன்றைச் சொல்லவேண்டும். ‘ராட்சசி’யில் தலைமையாசிரியை கீதாராணி வருகிறார், சீரழிந்த அரசுப் பள்ளி சீர்பெறுகிறது. தீமையெல்லாம் அவருடைய நீண்ட வசனங்களின் முன் தலைகுனிகிறது. ஆனால் ஒரு பள்ளியின் நோய் ஒருவர் வந்து நீக்கிவிடக் கூடியதா? ஆசிரியர் இடம் நிரப்பப்படாமை, நிதி வராமை, பெற்றோரின் வறுமை ஆகியவை வசனத்துக்கு அஞ்சி ஓடுவன அல்ல. மீட்பர் ஒருவரைத் திரையில் கண்டு கைதட்டிவிட்டு வீடு திரும்பும் பார்வையாளர், தம் ஊர்ப் பள்ளியின் வாயிலைக் கடந்துதான் செல்கிறார். ஜீயோ பேபி இயக்கிய ‘காதல் தி கோர்’ (2023) என்னும் மலையாளப் படத்தில், கேரளக் கிறிஸ்தவக் குடும்பத்தின் மனைவி ஓமனாவாக மிகச் சில சொற்களே பேசி நெடுங்காலத் துயரை உணர்த்துகிறாரே, அந்த அடக்கமே அவருடைய கலையின் உண்மையான வலிமை.

இனித் தஞ்சைக்கு வருவோம். ‘ராட்சசி’க்காக விருது பெற்ற மேடையில் அவர் பேசினார். இரா. சரவணன் இயக்கிய படத்தின் (பின்னாளில் 2021இல் வெளிவந்த ‘உடன்பிறப்பே’) படப்பிடிப்புக்காகத் தஞ்சைக்குச் சென்றிருந்தபோது அங்குள்ள அரசு மருத்துவமனை ஒன்றின் நிலையைக் கண்டு வருந்தியதாகவும், கோயிலைப் பேணுவதற்குக் காட்டும் ஆர்வத்தைப் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் காட்டவேண்டும் என்றும் கூறினார். 2020 ஏப்ரலில் அப்பேச்சு பரவியபோது கண்டனங்களும் வசைகளும் பொழிந்தன. சூர்யா வெளியிட்ட அறிக்கை, இது திருமூலர் காலத்திலிருந்தே வழங்கிவரும் எண்ணந்தான் என்று எடுத்துக்காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில், தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனைக்கு 25 லட்சம் ரூபாய் அளவிலான உதவியை ஜோதிகா வழங்கினார்.

இராசா மிராசுதார் மருத்துவமனை என்ற பெயரிலேயே காவிரிப் படுகையின் சமுதாய வரலாறு அடங்கியிருக்கிறது. அரசரும் நிலக்கிழாரும் அதில் இருக்கின்றனர். அந்நிலக்கிழாரின் களஞ்சியத்தை நிரப்பியவர்களோ, குறுவைக்கும் சம்பாவுக்கும் முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்ட பெண்கள். இன்று பிள்ளைப்பேற்றுக்காக அம்மருத்துவமனையின் கட்டில்களை நாடி வருவோரில் அவர்களுடைய பேத்திகள் பலர். அவர்களுக்கு அளிக்கப்படும் ஒரு நல்ல கட்டில் தருமம் அன்று. நெடுநாள் நிலுவையில் கிடக்கும் கடன்.

அவருடைய பேச்சில் குறை இல்லையா என்றால், உண்டு. பெரிய கோயில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. மருத்துவமனை மாநில அரசின் பொறுப்பு. கோயிலுக்குக் குறைத்தால் மருத்துவமனைக்குக் கூடும் என்ற கணக்கு அங்கே இல்லை. அதனினும் பெரிதாக, கோயிலும் மருத்துவமனையும் எதிரெதிரே நிற்பவை என்னும் தோற்றம் தஞ்சையின் வரலாற்றுக்குப் பொருந்தாது. இராசராசனின் தமக்கை குந்தவை, தந்தையின் பெயரால் தஞ்சையில் அமைந்த சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலைக்கு நிலம் அளித்தமையைக் கல்வெட்டு கூறுகிறது. திருமுக்கூடல் கோயிற் கல்வெட்டோ, 11ஆம் நூற்றாண்டில் 15 படுக்கைகளுடன் மருத்துவர், பணிப்பெண்கள், மருந்துகள் ஆகியவற்றோடு இயங்கிய ஆதுலர் சாலையைக் காட்டுகிறது. ஆகவே அந்நடிகை தஞ்சையின் மரபுக்கு மாறாகப் பேசவில்லை. தாம் அறியாமலே அம்மரபின் ஒரு பகுதியை நினைவூட்டினார்.

அப்பெரிய கோயிலின் சுவரிலேயே 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆடற்கலை வல்ல அம்மகளிருக்கு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் வழங்கப்பட்டன. பெயர் கல்லில் நிலைத்தது. அவர்கள் என்ன எண்ணினர் என்பது எங்கும் பதிவாகவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்துத் திருவையாற்றில் பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் செல்வத்தைச் செலவிட்டுத் தியாகராசருக்கு நினைவாலயம் எழுப்பினார். அவருடைய பொருளை ஏற்ற காவிரிக்கரை, ஆராதனையில் பெண்கள் பாடுவதை எளிதில் ஏற்கவில்லை. அதற்காக அவர் போராட வேண்டியிருந்தது. 2020இலும் அதே நிகழ்ச்சிதான் வேறு வடிவில் நடந்தது. ஆண்டுக்கணக்கில் பிறர் குரலில் பேசியவரைக் கொண்டாடினோம். சொந்தக் குரலில் பேசியபோது வாயை மூடச் சொன்னோம். பணம் வந்தபின் மீண்டும் பாராட்டினோம்.

நம் கருத்தில், அந்த 25 லட்சத்தைவிட அந்தப் பேச்சே பெரிய ஈகை. நீதியாக உரியதை இரக்கமாக வழங்குதல் ஆகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினர் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டில் (1965) கற்பித்தது. தீமையின் விளைவுகளை மட்டுமன்றி அதன் காரணங்களையும் களையவேண்டும் என்றது. நடிகையின் நன்கொடையால் ஒரு பிரிவு புதுப்பொலிவு பெறலாம். அடுத்த ஆண்டின் மருந்துக்கும் செவிலியரின் ஊதியத்துக்கும் அரசின் நிதி ஒதுக்கீடும் அதைக் கேட்டுப் பெறும் மக்களின் விழிப்புமே வழி. ‘ராட்சசி’யின் கீதாராணி போல ஒருவர் வந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடுவார் என்று காத்திருந்தால், திரைக் கனவையே வாழ்க்கையிலும் கண்டவர்களாவோம்.

பிற சமயத்தாரின் கோயிலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நம் வேலை அன்று. அக்கேள்வி நம் வாயிலுக்கும் உரியது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புனித யோவான் கிறிசோஸ்தோம், ஆலயத்தில் கிறிஸ்துவைப் பட்டால் போர்த்திவிட்டு, வெளியே குளிரில் வாடும் அவரைக் கைவிடலாமா என்று தம் மக்களிடம் கேட்டார். நம் மறைமாவட்டத்தின் பெருந்திருத்தலமான வேளாங்கண்ணி அன்னையை ‘ஆரோக்கிய’ அன்னை என்றுதான் அழைக்கிறோம். தேர்பவனிக்கும் மின்விளக்குக்கும் புதிய கோபுரத்துக்கும் பங்குதோறும் திரட்டப்படும் காணிக்கையில், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கு எத்தனை பங்கு? பேராலய மணியோசை கேட்கும் தொலைவில் இருக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்பவர் யார்?

நோயுற்றிருந்தபோது தம்மைக் கண்டவர் எவர் என்று இறுதி நாளில் ஆண்டவர் கேட்பார் என மத்தேயு நற்செய்தி அறிவிக்கிறது. காண்பது அங்கே முதற்செயல். ஒரு நடிகை படப்பிடிப்பின் நடுவே மருத்துவமனையைக் கண்டார். கண்டதை மறவாமல் சொன்னார். சொன்னதற்காக ஏச்சுப் பெற்றபின்னும் கொடுத்தார். அவருடைய படங்களில் சில மறக்கப்படலாம். இந்த மூன்று செயல்களின் வரிசை மறக்கத்தக்கது அன்று.